பாதி ஜீப்பு

வாங்க, உள்ள வாங்க. செருப்ப அந்த ஓரமா உட்டுட்டு வாங்க. சோபாவுல ஒக்காருங்க, கவரோடவே ஒக்காரலாம், ஒண்ணும் ஆவாது. வாங்குனப்போ போட்டு வந்த கவரு, நான் கிழிக்கல. கிழிச்சா ஒரே வருசத்துல நாறிப் போயிரும். பக்கத்து ஊட்டுல போயிப் பாருங்க, எரும படுத்து எந்திரிச்ச மாதிரி கெடக்கும் அவங்க சோபா. அதுல ஒக்காந்துக்கிட்டு அந்தம்மா பேசற பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

கொழந்தைய மடியிலயே வெச்சுக்கங்க அம்மிணி. கீழ உட வேண்டாம். தப்பா நெனச்சுக்காதீங்க, காரணமாத்தான் சொல்றேன். மாடிச் சாவி தர்றேன், போயிப் பாக்கலாம், என்ன அவசரம். அதுக்கு முன்னால ஒரு சங்கதி சொல்லோணும். வாடகைக்குக் கேட்டு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிர்றது. பின்னால ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க.

அதையத்தான பாக்கறீங்க? இந்த ஷோகேஸ்ல எத்தனையோ இருக்குது. தாஜ்மகால் இருக்குது, கண்ணாடி வாத்து இருக்குது, எங்க பையன் கையெழுத்துப் போட்டியில வாங்குன கப்பு இருக்குது. எல்லாத்தையும் உட்டுப்போட்டு வர்றவங்க அதையத்தான் பாக்கறாங்க. இடுப்புக்கு மேல மனுசன், இடுப்புக்குக் கீழ ஜீப்பு. ரோபோங்க அது. அப்படி நிக்கக் கூடாது. ஒண்ணு முழுசா மனுசனா நிக்கோணும், இல்லாட்டி முழுசா ஜீப்பா நிக்கோணும். ரெண்டுக்கும் நடுவுல சிக்கிப் போச்சு. நானும் எத்தனையோ மொறை முறுக்கிப் பாத்துட்டேன், வர மாட்டீங்குது. அதுக்குக் காரணம் மாடியில முன்னால குடியிருந்த சனந்தான்.

இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

என்ற பொறந்தவன் சண்முகசுந்தரம் அமெரிக்காவுல இருக்கறான். எங்கப்பன் ஊட்டுல எல்லாரும் படிச்சவங்க. நான் வந்து உழுந்த எடம் இப்படி. எங்கூட்டுக்காரரு எண்ணெய் மில்லுல இருக்கறாரு. முதலாளி தும்முனா இவரு மூக்கத் தொடச்சுக்குவாரு, அத்தன தைரியசாலி. சரி, அது என் தலையெழுத்து. என்ற பொறந்தவன் லீவுக்கு வந்தப்போ எங்க பையனுக்கு அந்தப் பொம்மையக் கொண்டு வந்தான். நவநீதன் அப்பத்தான் ஒண்ணாவது சேந்திருந்தான்.

இந்த டீப்பாய் மேல வெச்சுத்தான் செஞ்சு காட்டுனான். நின்னுக்கிட்டு இருந்த ரோபோவோட காலை மடக்குனான், கையத் திருப்புனான், தலையப் புடிச்சு உள்ள அமுக்குனான். எங்கெங்கயோ ஒளிஞ்சிருந்த சக்கரமெல்லாம் வெளிய வந்துது. பாத்தா ஜீப்பு! ரோட்டுல போற சாதா ஜீப்பு இல்லீங்க. கல்லு, மேடு, சேறு எல்லாத்துலயும் ஏறிப் போற ஜீப்பாம். டயரே எத்தாச்சோடு பெருசா இருக்குது பாருங்க. "அக்கா, இத மண்ணுல உட்டு ஓட்டட்டும், ஒண்ணும் ஆவாது, அதுக்குத்தான் செஞ்சிருக்கறாங்க"ன்னான். அமெரிக்காவுல இருக்கறவனுக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்? அங்க மண்ணையே கழுவித்தான் வெச்சிருப்பாங்க போல. அவன் பொண்டாட்டி ஒருத்தி, அவ அதுக்கு மேல. கொழந்தைங்க பொம்மைய ஒடைச்சாத்தான் அறிவு வளருமாம். உங்கூட்டுல ஒடைச்சுக்கோ மகராசின்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

மறுக்கா மனுசனா மாத்திக் குடுடான்னு வாங்கி, ஷோகேஸ்ல வெச்சுப் பூட்டீட்டேன். அமெரிக்கா சாமானத்தப் பொடியன் கையில குடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. எங்கூட்டுக்காரரோட அண்ணன், எங்க மச்சாண்டாரு ஊட்டுப் பொடுசுங்க கையில ஒரு சாமான் குடுத்தா ஒரு வாரம் தாங்காது. தலை ஒரு பக்கம் கெடக்கும், கால் ஒரு பக்கம் கெடக்கும். அந்த ஊட்டுக்குப் போனா பொம்மைய மிதிக்காம நடக்க முடியாது. சந்தைக்கடை மாதிரி ஒரே சத்தம்.

என்ற பையன் அப்படி இல்லீங்க. அடம்னா என்னன்னே தெரியாது அவனுக்கு. ஸ்கூல் உட்டு வந்ததும் ஷோகேஸ் கிட்ட வந்து நிப்பான். மூக்கக் கண்ணாடியில ஒட்ட வெச்சுக்கிட்டு கம்முனு பாத்துக்கிட்டே நிப்பான். கண்ணாடியில மூக்கு அச்சு உழுந்துரும். நான் பேப்பரப் போட்டுத் தொடைப்பேன். மறுநாள் மறுக்கா உழுந்துரும். அது ஒண்ணுதான் அவனால எனக்குத் தொந்தரவு. மத்தபடி தங்கம்.

ஒருக்காக் கேட்டான். நாலாவது படிக்கறப்போ. முழுப்பரீட்சையில மொத ரேங்கு எடுத்தீன்னா தர்றேன் சாமின்னேன். எடுத்துட்டான். எடுப்பான்னு யாரு கண்டா? இன்னும் சின்னப் பையந்தானே, பத்தாவது முடிக்கட்டும்னு சொல்லீட்டேன். பத்தாவதுலயும் ஸ்கூல்லயே அவந்தான் மொதலு. வந்து மார்க்கச் சொன்னான், பொம்மையப் பத்திக் கேக்கவே இல்ல. நானே கூப்புட்டுச் சொன்னேன், பாத்தியா, அதுல கவனம் போகாம இருந்ததுனாலதான இத்தன மார்க்கு வந்துதுன்னு. தலைய ஆட்டுனான். அப்பறம் நாமக்கல்லுப் பக்கம் ஹாஸ்டலுக்குத் தாட்டி உட்டோம். அங்கிருந்து காலேஜு. காலேஜுல இருந்து நேரா ஓசூருல கம்பெனி. கம்ப்யூட்டர்ல வண்டிப் படம் போடற வேலை. வருசத்துல ஒருக்காதான் வருவான், பொங்க நோம்பிக்கு. அத்தன வேலை பாவம்.

மச்சாண்டாரு பசங்க என்ன பண்றாங்கன்னு கேளுங்க. ஒருத்தன் செல்போன் ரிப்பேர் கடை. ஒருத்தன் லாரிப் பட்டறை. ஆத்தாளையும் அப்பனையும் உட்டு நகராம, இதே ஊருல, ஒரே ஊட்டுல மூணு வேளையும் ஒட்டுக்கா ஒக்காந்து திங்கறாங்க. ஞாயித்துக்கெழமையானா பேரன் பேத்தியெல்லாம் ஆத்தா மேல ஏறி உழுந்து கெடக்குது. அதெல்லாம் ஒரு பொழப்பாங்க? எனக்கு அப்படி ஒரு நாளும் வேண்டாம். என்ற ஊடு எப்பவும் சுத்தமா, சத்தம் இல்லாம இருக்கும். நீங்களே வந்ததும் பாத்திருப்பீங்க.

சரி, மாடிச் சனத்துக்கு வர்றேன். தெக்கத்திப் பக்கத்துக்காரங்க. நீங்க எந்தப் பக்கம்? திருவண்ணாமலையா, பரவால்ல. அவன் செந்தூர்பாண்டின்னு தேங்கா லாரி ஓட்டறவன். மாசத்துல பாதி நாள் ஊட்டுல இருக்க மாட்டான். அவன் பொண்டாட்டி முத்துச்செல்வி. பேசுனான்னா சண்டை போடறாளா சோறு திங்கக் கூப்புடறாளான்னு தெரியாது, அப்படி ஒரு தொண்டை. அவங்களுக்கு ஒரே பொண்ணு, ரெண்டாவது படிக்குது. பேரு மகிழினியாம். பேருல ஒண்ணும் கொறச்சல் இல்ல. அந்தப் புள்ளைக்கு வெளையாட்டுச் சாமான் என்ன தெரியுமா? டானிக் பாட்டல் மூடி நாலு, ரெண்டு வெளக்குமாத்துக் குச்சி, ஒரு சோப்பு டப்பா. அதைய வண்டிம்பா. புர்ருன்னு வாயில சத்தம் போட்டுக்கிட்டு, மாடிப்படியில ஏத்தி எறக்குவா. எனக்குத் தலைவலியே வந்துரும். ஒருக்கா அந்தப் புள்ள இல்லாதப்போ அந்த வண்டிய எடுத்துக் குப்பையில போட்டேன். மறுநாள் புதுசா ஒண்ணு செஞ்சுக்கிட்டு வந்து நிக்குது. வெக்கமே இல்லாத சனம்.

அந்தச் சமயத்துலதான் நவநீதனுக்கு ஒரு எடம் வந்துது. அவனுக்கும் முப்பது ஆகப் போகுது. எங்க பக்கத்துல இப்பப் பொண்ணே கெடைக்கறதில்லீங்க. கெடைச்சாலும் அவங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லி முடியறதில்ல. வெள்ளக்கோயில்ல இருந்து ஒரு நல்ல எடம், தறி ஓட்டறவங்க, ஒரே பொண்ணு, பேரு கோகிலவாணி. சாதகம் பொருந்திருச்சு. ஊடு பாக்க வர்றம்னு சொல்லி அனுப்புனாங்க. முன்னெல்லாம் ஊடு பாக்கப் பெரியவங்க மட்டுந்தான் வருவாங்க. இப்பப் பொண்ணையும் கார்ல ஏத்திக்கிட்டு வந்துர்றாங்க. காலம் அப்படி இருக்குது, நான் என்ன சொல்றது.

நான் ஒரு வாரமா ஊட்டக் கழுவுனேன். மூலை மூலையாத் தொடைச்சேன். இந்தக் கல்யாணம் ஆச்சுன்னா பையன் வாரம் வாரம் ஊருக்கு வருவான். பொண்ணு ஊடு பக்கத்துலயே இருக்குதில்ல, வராம எங்க போவான்? மாடியக் காலி பண்ணச் சொல்லி அவங்களுக்கே குடுத்துரலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். மேல நடக்கறது கீழ எனக்குக் கேக்கும். அதுக்கு மேல எனக்கென்ன வேணும் சொல்லுங்க?

சனிக்கெழமை பத்தரைக்கு மேல வர்றம்னு சொல்லியிருந்தாங்க. நான் காத்தால எந்திரிச்சு, வர்றவங்களுக்கு இனிப்புக்குன்னு கச்சாயம் சுட்டுக்கிட்டு இருந்தேன். பையன் மொதநாளே வந்துட்டான். சமையக்கட்டுக்கு வந்து, "அம்மா, ஷோகேஸ் சாவியக் குடு, தொடைச்சு வெக்கறேன்"ன்னான். எனக்கு ஒரே சந்தோசம். பொறுப்பு வந்துருச்சு பாருங்க. இடுப்புல இருந்து கழட்டிக் குடுத்தேன். அந்தச் சாவி என்ற கைய உட்டுப் போனது அன்னைக்குத்தான்.

அவன் தொடைக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதைய மட்டும் எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான். காம்பவுண்டு சொவரு கட்டறதுக்குன்னு வாசலோரமா மணல் கொட்டி வெச்சிருந்தம். அங்க போயி ஒக்காந்து அதைய மாத்தப் பாத்திருக்கறான். இவனுக்கு வருலீங்க! அத்தனப் பெரிய கம்பெனியில வண்டிப் படம் போடறான், இதைய மடக்கத் தெரியல. மாடியில இருந்து அந்தப் புள்ள எறங்கி வந்து, கையில வாங்கி, அப்படித் திருப்பி இப்படி மடக்கி, ஜீப்பாக் குடுத்துருச்சாம். எப்படிக் கத்துக்கிட்டுதோ. நாம பூட்டி வெக்கற சாமானத்த எல்லாம் ஊரான் ஊட்டுப் புள்ளைங்க நோட்டம் உட்டு வெச்சிருக்குதுங்க பாருங்க.

பத்தரைக்கு வர்றம்னவங்க எட்டரைக்கே வந்துட்டாங்க. ஒம்பது மணிக்கு ராவுகாலம் பொறக்குது, அதுக்குள்ள வாசப்படி மிதிச்சுரலாம்னு. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறது ஒரு மரியாதையா? எனக்குக் கார்ச் சத்தம் கேக்கல. எண்ணெயில கச்சாயம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, மாப்பிள்ளை, கோட்டுப் போட்டு ஒக்கார வேண்டிய மாப்பிள்ளை, மணல்ல மண்டி போட்டு ஜீப்பு ஓட்டிக்கிட்டு இருக்கறான். அந்தப் புள்ள மணல்ல மலை கட்டுது, இவன் ஏத்தறான். வாயில புர்ருங்கறான். பொண்ணு ஊட்டுக்காரங்க ஒட்டுக்கா நின்னு பாக்கறாங்க. எனக்கு உசுரே போயிருச்சு.

அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? பட்டுச்சீலையோட அந்த மணலோரமாக் குத்த வெச்சு ஒக்காந்துருச்சு. "மேல வரைக்கும் ஏறுமாங்க?"ன்னு இவனக் கேக்குது. இவன் நிமுந்து பாத்து, "தெரியிலீங்க, இன்னைக்குத்தான் மொதமொதல்ல ஓட்டறேன்"ங்கறான். அது சிரிச்சுது. இவனும் சிரிச்சான். அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. பல்லெல்லாம் தெரிய. அசிங்கமா இருந்துது எனக்கு.

நான் கரண்டியப் போட்டுட்டு ஓடுனேன். என்னையப் பாத்ததும் அந்தப் புள்ள படக்குனு ஜீப்பத் தூக்கி மனுசனா மாத்த ஆரம்பிச்சுது. இருந்த மாதிரியே வெச்சுரலாம்னு நெனப்பு. நான் போயிப் புடுங்குனேன். பாதியில புடுங்குனதுல அப்படியே நின்னு போச்சு. ஒரு தட்டுத் தட்டுனேன் அந்தப் புள்ளைய. ஓங்கியெல்லாம் இல்லீங்க. கை போயிக் காதுல பட்டு, தோடு கிழிச்சு ரத்தம் வந்துருச்சு. அதுக்கு நான் என்ன பண்றது? முத்துச்செல்வி மாடியில இருந்து கத்திக்கிட்டே ஓடி வந்தா. பொறுக்கித் திங்கற சனத்துக்கு அமெரிக்காப் பொம்மை கேக்குதான்னேன். இதுல என்னங்க தப்பு?

நவநீதன் எந்திரிச்சு, "அம்மா, நாந்தான் எடுத்தேன். அவள மாத்திக் குடுக்கச் சொன்னதும் நாந்தான்"ன்னான்.

எனக்குத் தெரியாதா அவந்தான் எடுத்தான்னு? சாவியக் குடுத்ததே நானு. ஆனா வாசல்ல சம்பந்தி நிக்கறப்போ பெத்த பையன அடிக்க முடியுமா, பேச முடியுமா? யாரையாவது ஒருத்தர அடிச்சுத்தான ஆகோணும். இல்லாட்டி வந்தவங்க என்ன நெனப்பாங்க? இந்த ஊட்டுல கண்டிப்பே இல்லைன்னு நெனைக்க மாட்டாங்களா? குடும்ப மானத்துக்குத்தான் அந்தப் புள்ளைய அடிச்சேன். இது எவருக்குமே புரியல. எங்கூட்டுக்காரருக்குப் புரியல, பையனுக்கும் புரியல.

அந்தக் கோகிலவாணி இடுப்புல இருந்த கர்ச்சீப்ப எடுத்து அந்தப் புள்ள காதுல வெச்சு அமுக்கிக்கிட்டு நிக்குது. புதுப் பட்டுல ரத்தம். அந்தப் பொண்ணோட அம்மாக்காரி வந்து கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. உள்ள வாங்க, கச்சாயம் சுட்டு வெச்சிருக்கறேன்னு நான் பின்னாலயே போனேன். கை நனைக்கலீங்க. ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. எங்க பக்கத்துல கை நனைக்காமப் போனா எடம் வேண்டாம்னு அர்த்தம். காரு கெளம்பிப் போயிருச்சு. அத்தன கச்சாயத்தையும் எங்கூட்டுக்காரரு ஒண்டியா ஒக்காந்து தின்னாரு. அந்த மனுசனுக்கு எப்பத்தான் பசிக்காது.

பொறவு தரகர் ஈஸ்வரமூர்த்தி வந்தாரு. பையன அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க, மத்ததுதான் ரோசனை பண்றாங்கன்னு இழுத்தாரு. மத்ததுன்னா என்ன? எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு. ஷோகேஸ்ல நடுத்தட்டு காலியா இருந்துது, வாசல்ல மணல் கெடந்துது, சொவத்துல சாயம் வெளுத்திருந்துது. உடனே ஆள உட்டு மணல வாரிப் போட்டேன். ஊடு பூரா பெயிண்டு அடிச்சேன். பாருங்க, எப்படி இருக்குது. ஷோகேஸுக்குப் புதுக் கண்ணாடி போட்டேன். போயிச் சொல்லுங்க தரகரேன்னேன். அவரு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தரகுக்காரனுக்கு இத்தனைதான் புத்தி. மாடிச் சனத்தக் காலி பண்ணச் சொல்லீட்டேன். அவங்களும் போயிட்டாங்க. டெம்போவுல சாமான் ஏத்துனது யாருன்னு நெனைக்கறீங்க? என்ற பையன். லீவு போட்டுட்டு வந்து, அரிசி டப்பாவத் தோள்ல தூக்கிக்கிட்டு எறங்கறான் மாடிப்படியில. என்ற கிட்டப் பேசல. அன்னைக்குப் போனவந்தான்.

அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னா கேக்கறீங்க?

இன்னைக்குத்தானுங்க.

ஆமாங்க, இன்னைக்குத்தான். சிவன்மலைக் கோயில்ல. அந்தக் கோகிலவாணியத்தான். அவங்களே பேசி முடிச்சுக்கிட்டாங்க. இவன் போன்ல பேசியிருக்கறான், அது பேசியிருக்குது, அதுங்க அப்பன் தலைய ஆட்டிட்டான். எங்கூட்டுக்காரருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது. மாசக்கணக்கா எங்கூட ஒக்காந்து சோறு தின்னுக்கிட்டு, வாயத் தொறக்கல பாருங்க அந்த மனுசன். இன்னைக்கு வெடியறதுக்கு முன்னால எந்திரிச்சு, புது வேட்டியக் கட்டிக்கிட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வாசல் தாண்டிப் போயிருக்கறாரு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். போகட்டும்னு உட்டுட்டேன்.

என்னையக் கூப்புடாம இல்லீங்க. பத்திரிகை வெக்க வந்தான், அதா அந்தப் படியிலயே நின்னு. "நீ வரோணும்மா. வராம தாலி கட்ட எனக்கு மனசு வராது. ஆனா அதுக்கு முன்னால மகிழினி ஊட்டுக்குப் போயி, அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. சீரு வேண்டாம், நகை வேண்டாம், அது ஒண்ணு போதும்"ன்னான். எப்படி இருக்குது கதை? ரெண்டாவது படிக்கற கழுதைகிட்டப் போயி நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கோணுமாம். பெத்தவகிட்டப் பேசற பேச்சா இது? முடியாதுன்னுட்டேன். சரிம்மான்னு பத்திரிகைய டீப்பாய் மேல வெச்சுட்டுப் போயிட்டான். மாட்டேன்னு சண்டை போட்டிருந்தாலாவது பரவால்ல. சரிம்மாங்கறான். அவன் சின்னதுல இருந்து அப்படித்தான், எதுக்கும் சரிம்மாதான்.

இதுக்கு மேல இன்னொரு கூத்துக் கேளுங்க. எங்க பக்கத்துல இணைச்சீருன்னு ஒண்ணு இருக்குது. முகூர்த்தத்துக்கு முன்னால மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ பண்ற சீரு. இவனுக்குக் கூடப் பொறந்தவ இல்ல. இல்லாட்டிப் பங்காளி ஊட்டுப் பொண்ணு பண்ணோணும். மச்சாண்டாரு மக மலை மாதிரி இருக்கறா. அவள உட்டுட்டு, அந்த லாரிக்காரன் மகளக் கூப்புட்டு ஒக்கார வெச்சிருக்கறானாம் இணைச்சீருக்கு! எந்த ஊரு, எந்தச் சனம், ஒரு மொறை கெடையாது. மச்சாண்டாரு ஊட்டுல எல்லாரும் சரின்னுட்டாங்களாம். அவங்களுக்கு எதுதான் சரியில்ல? பட்டுப்பாவாடை எடுத்துக் குடுத்திருக்கறாங்களாம் அந்தப் புள்ளைக்கு. சொன்னவங்க சொன்னாங்க. நான் கேக்கல.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? ஒக்காருங்க.

இப்பவும் போலாந்தான், நீங்க சொல்றது செரி. பஸ் ஏறுனாப் பத்து நிமிசம். பட்டுச்சீலை நேத்தே எடுத்துக் கட்டில் மேல வெச்சதுதான், இன்னும் அங்கதான் கெடக்குது. பூவும் வாங்கியிருக்கறேன். எதுக்கு வாங்குனேன்னு எனக்கே தெரியல. போயி எறங்குறேன்னே வெச்சுக்கங்க. அந்தப் புள்ள மணவறைகிட்டத்தான் நிக்கும். என்னையப் பாத்ததும் பட்டுப்பாவாடையத் தூக்கிக்கிட்டு அவங்க ஆத்தா பின்னால போயி ஒளியும். அத்தன சனமும் அந்தப் புள்ளையப் பாக்கும். அப்பறம் என்னையப் பாக்கும். என்ற பையன் மாலையும் கழுத்துமா நிமுந்து என்ற மூஞ்சியப் பாப்பான். அவன் எப்படிப் பாப்பான்னு எனக்குத் தெரியுமுங்க. அதைய நான் பாக்க மாட்டேன்.

நான் எதுக்குப் போகோணும்? ஊட்ட யாரு பாக்கறது? நல்ல நாளும் அதுவுமா மாடியக் கேட்டு யாராவது வந்தா, பூட்டியிருந்தாத் திரும்பிப் போயிர மாட்டாங்களா? நீங்க வந்தீங்களே. நான் இல்லாட்டி யாரு உங்களுக்குக் கதவத் தொறந்திருப்பாங்க?

மாடி வேண்டாமா? பாக்காமயே சொன்னா எப்படி அம்மிணி. முன்னால வந்தவங்களும் இப்படித்தான் பாக்காமயே போயிட்டாங்க. என்ன சனமோ. சரி, மாடி பிடிக்காட்டிப் போகுது. வேண்டாம்னா வேண்டாம், நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. காப்பி வெக்கறேன், குடிச்சுட்டுப் போங்க. கொழந்தைய வேணும்னா கீழ எறக்கி உடுங்க, ஓடட்டும், ஒண்ணும் ஆவாது. பத்தரை வரைக்குந்தானுங்க முகூர்த்தம். அது தாண்டற வரைக்கும் மட்டும் ஒக்காருங்க. அப்பறம் போயிக்கலாம்.